மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஃபீனிக்ஸ்: சாண்ட்லரில் தங்கிக்கொண்டு எதை, எப்போது பார்ப்பது?

மடிப்பாக்கம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். நானும் வீட்டுக்காரரும் மார்ச் முதல் வாரம் கிளம்பி ஆகஸ்ட் வரை அரிசோனாவில் இருப்போம். மாப்பிள்ளைக்கு இன்டெலில் வேலை, வீடு ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். எங்கள் இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அவருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆனாலும் காலையில் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் சரியாக இருக்காது. "அது பாலைவனம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கணும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன். பக்கத்தில் என்ன இருக்கிறது, தூரத்தில் என்ன இருக்கிறது, எந்த மாதம் எங்கே போகலாம்?

அண்ணாநகர் மேற்கு

ஃபீனிக்ஸில் பார்க்க ஒன்றும் கிடையாதும்மா. எங்கே பார்த்தாலும் மண் நிறத்தில் ஒரே மாதிரி வீடு, அகலமான ரோடு, நடந்து போக ஆள் இல்லை. கிராண்ட் கேன்யன் நாலு மணி நேரம், லாஸ் வேகஸ் அஞ்சு மணி நேரம், லாஸ் ஏஞ்சலஸ் ஆறு மணி நேரம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது இந்த மூன்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடுங்கள். மீதி நாள் பேரக்குழந்தையோடு போய்விடும்.

பெசன்ட்நகர் நடையாளர்

அண்ணாநகர் நண்பரே, ஒரு வாரம் போகிறவருக்குச் சொல்வதை ஆறு மாதம் இருக்கப்போகிறவருக்கும் சொல்லக் கூடாது. என் மகன் அங்கேதான் இருக்கிறான், எனக்கு அந்த ஊர் நன்றாகப் பழக்கம். கிராண்ட் கேன்யனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரை ஒட்டியே இருக்கிற பாலைவனத்தைப் பார்க்காமல், அதைத் தாண்டிப் போவதற்கே எல்லோரும் அவசரப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

அம்மா, முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். மார்ச்சும் ஏப்ரலும் அங்கே வசந்தம். காலையில் மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும், பகலில் நம் ஊர் ஜனவரி வெயில்தான். மே நடுவில் எல்லாம் மாறிவிடும். ஜூனில் 43 டிகிரி சாதாரணம். 1990 ஜூன் 26 அன்று 50 டிகிரி தொட்டது. 2023இல் ஜூன் 30 தொடங்கித் தொடர்ந்து 31 நாள் உச்ச வெப்பம் 43க்குக் கீழே இறங்கவே இல்லை. 2003 மே 31 அன்று சென்னை 45ஐத் தொட்டதை நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆகவே வெட்டவெளியில் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பிரசவத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கூரைக்குக் கீழே உள்ளவற்றைக் கோடைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதல் நாள் எங்கே என்று என்னைக் கேட்டால் பாப்பகோ பார்க்தான். சாண்ட்லரிலிருந்து காரில் அரை மணி நேரம். சிவந்த மணற்கல் குன்றுகள் ஊருக்கு நடுவிலேயே நிற்கும். அங்கேதான் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் இருக்கிறது, 1939இல் தொடங்கியது. பாதை சமதளம், உட்கார நிறைய இடம் உண்டு, உங்கள் வீட்டுக்காரர் முழங்காலுக்குத் தொந்தரவில்லை. அங்கே ஒரு சவாரோ கள்ளியின் பக்கத்தில் போய் நிதானமாக நில்லுங்கள். அடியிலிருந்து நுனி வரை புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு ஓடும். மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும், வறட்சியில் சுருங்கும். அண்ணாந்து பார்த்தால் வட்டமாகச் சில ஓட்டைகள் தெரியும். மரங்கொத்தி குடைந்த கூடு அது. அது விட்டுப்போன பொந்தில் கையளவு ஆந்தை குடியேறும். முதல் எட்டு வருஷத்தில் இந்தச் செடி ஒன்றரை அங்குலம்கூட வளர்ந்திருக்காது. பக்கவாட்டில் கை மாதிரிக் கிளை முளைக்க 50 முதல் 75 வருஷம் ஆகும், வறண்ட இடத்தில் நூறும் ஆகும். ஏப்ரல் கடைசியிலிருந்து உச்சியில் வெள்ளைப் பூ வரும். ராத்திரியில் மலர்ந்து மறுநாள் பிற்பகலில் வாடிவிடும் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

அண்ணாநகர் மேற்கு

தோட்டம் நல்ல தோட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யார் கூட்டிப்போவது? மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார், மகளால் ஓட்ட முடியாது. சாண்ட்லரில் கார் இல்லாதவர்களுக்குப் பெரிய ரோடு ஒவ்வொன்றும் ஒரு மதில்தான். ஒரு பெரிய ரோட்டுக்கும் அடுத்த பெரிய ரோட்டுக்கும் நடுவே ஒரு மைல். ரோட்டைக் கடந்தால் கடை, ஆனால் அந்த ரோட்டில் ஏழு லேன். என் அத்தை அங்கே நாலு சுவருக்குள் இருந்துவிட்டு வந்தவர். அதனால்தான் சொல்கிறேன்.

பெசன்ட்நகர் நடையாளர்

நீங்கள் சொல்லும் கஷ்டம் நிஜம். அதற்கு வழி ரோட்டில் இல்லை, கால்வாய்க் கரையில் இருக்கிறது. ஃபீனிக்ஸ், டெம்பி, மீசா, சாண்ட்லர், கில்பர்ட் எல்லா ஊரிலும் பாசனக் கால்வாய் ஓடுகிறது. கரையை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள், கார் வராது. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் கன்சாலிடேட்டட் கால்வாயோ வெஸ்டர்ன் கால்வாயோ இருக்கிறதா என்று இப்போதே வரைபடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மார்ச்சில் காலை ஏழு மணிக்கு நடக்கலாம். ஜூனில் ஐந்துக்கே கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தண்ணீரில் பெரிய பெரிய மீன் தெரியும். பாசியைத் தின்பதற்கென்றே விட்டு வளர்க்கிற புல்கெண்டை அது. எதிரே வருகிறவர்கள் கையைத் தூக்கிக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வேளச்சேரி ஏரிக்கரை

கால்வாய்ப் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஊரில் என்னை அசத்தியது மலையோ ஷாப்பிங் மாலோ இல்லை, தண்ணீர்.

வருஷ மழை அங்கே 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நமக்கு ஏறக்குறைய 1,400. அப்படிப்பட்ட இடத்தில் 16 லட்சம் பேர் வாழும் நகரம், சுற்றி இன்னும் பல ஊர்கள். எப்படி என்றால் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஹொஹோகம் என்ற பூர்வகுடி மக்கள் சால்ட் ஆற்றிலிருந்து கையால் கால்வாய் வெட்டிப் பருத்தியும் சோளமும் விளைவித்திருக்கிறார்கள். 1450 வாக்கில் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். 1867இல் வந்த வெள்ளைக்காரக் குடியேறிகள் அந்தப் பழைய தடத்தையே தூர்வாரித் தண்ணீர் விட்டார்கள். அழிந்துபோன ஊரின் மேல் எழுந்த ஊர் என்பதால்தான், சாம்பலிலிருந்து எழும் கதைப் பறவையின் பெயரான ஃபீனிக்ஸ் என்று பேர் வைத்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பழைய கால்வாயும் மேடையும் அப்படியே இருக்கின்றன. முன்பு புவெப்லோ கிராண்டே அருங்காட்சியகம் என்றார்கள், 2023இல், அவர்கள் வழிவந்த ஓஓதாம் மக்களின் மொழியிலேயே செடாவ் வாஆகி என்று பெயரை மாற்றினார்கள். சின்ன இடம், கூட்டம் இருக்காது, ஒரு மணி நேரம் போதும். என்னைக் கேட்டால் தவறவே விடக் கூடாது.

பிறகு 1911இல் ரூஸ்வெல்ட் அணை வந்தது. அதுவும் போதாமல் கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, வழியில் மலை மேல் பம்ப் செய்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1993இல் அந்த வேலை முடிந்தது. கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வரும் நம் கிருஷ்ணா கால்வாய் 177 கிலோமீட்டர். 2019இல் நாலு ஏரியும் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது எனக்கு அந்தப் பாலைவன ஊர் நினைவாகவே இருந்தது. அவர்கள் தண்ணீரை நிலத்துக்குள்ளே விட்டுச் சேமிக்கிறார்கள், எவ்வளவு சேமித்தோம் என்று கணக்கு வைக்கிறார்கள். நாம் பெய்கிற மழையைக் கடலுக்கு அனுப்பிவிட்டு மே மாதம் லாரிக்குக் காத்திருக்கிறோம்.

அண்ணாநகர் மேற்கு

அவர்களுக்கும் சிக்கல் உண்டு சார். கொலராடோ ஆற்றில் தண்ணீர் குறைந்ததால் 2021 ஆகஸ்டில் முதல் தடவையாகப் பற்றாக்குறை என்று அறிவித்தார்கள். முதலில் அடி வாங்கியது பினால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) விவசாயிகள். 2023இல், நிலத்தடி நீரை மட்டும் நம்பி ஊர் ஓரத்தில் புது மனைப்பிரிவு போடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது.

வேளச்சேரி ஏரிக்கரை

சரியான தகவல். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நானும் சொல்கிறேன். தண்ணீர் இல்லை என்றால் மனைக்கு அனுமதி இல்லை என்று ஒரு அரசு சொல்லியிருக்கிறது. பள்ளிக்கரணையைச் சுற்றி யாராவது காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தப்பித்திருப்போம்.

பறவைநோக்கர்

பள்ளிக்கரணை என்றதும் நான் வந்தே ஆக வேண்டும். மடிப்பாக்கம் அம்மா, உங்கள் வீட்டிலிருந்து சதுப்பு நிலம் கூப்பிடு தூரம். அங்கே போனாலும் உங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. கில்பர்ட்டில் ரிபேரியன் பிரிசர்வ், 110 ஏக்கர், சாண்ட்லரிலிருந்து கால் மணி, இருபது நிமிஷம். கழிவுநீரைச் சுத்திகரித்து ஏழு குளத்தில் விடுகிறார்கள், அது மெல்ல நிலத்துக்குள் இறங்குகிறது. அந்தக் குளங்களுக்குப் பறவை வந்து குவிகிறது. பள்ளிக்கரணையில் பார்க்கிற நெட்டைக்கால் உள்ளான் அங்கேயும் உண்டு. அதே சிவப்புக் குச்சிக்கால், ஆனால் பின்கழுத்து முழுக்கக் கறுப்பு. அதோடு கூழைக்கடா, நாரை, பெரிய நீலக் கொக்கு. மண் பாதை, சமதளம், கட்டணம் கிடையாது. வீட்டுக்காரரை அங்கே விட்டுவிட்டால் நீங்கள் தேடிப்போய்க் கூப்பிட்டால்தான் வருவார். வெள்ளி, சனி இரவில் அங்குள்ள சிறிய வானோக்ககத்தைத் திறப்பார்கள், மேகம் இல்லாவிட்டால் தொலைநோக்கியில் பார்க்கலாம்.

ரயில்பிரியன்

கார் இல்லாமல் ஊர் சுற்ற ஒரு வழி: சாண்ட்லருக்கு லைட் ரயில் கிடையாது, ஆனால் டெம்பியின் கிழக்குக் கோடியில் பிரைஸ்-101 நிலையம் வரை யாராவது கொண்டுவிட்டால் போதும். அங்கிருந்து பல்கலைக்கழகம், மில் அவென்யூ கடைத்தெரு, டெம்பி ஏரிப் பாலம் வழியாக ஃபீனிக்ஸ் நடு ஊர் வரை ரயில் போகிறது. 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஹர்டு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தம் உண்டு. பூர்வகுடிகளின் நெசவு, மண்பாண்டம், பொம்மைகள் எல்லாம் 1929லிருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். நடு மதியம் போனாலும் உள்ளே குளிர்ச்சி.

கிராண்ட் கேன்யனுக்கும் ரயில் உண்டு. வில்லியம்ஸ் என்ற ஊர் வரை காரில் போய், அங்கிருந்து இரண்டே கால் மணி நேரம். 1901இல் போட்ட பாதை. தெற்கு விளிம்பின் மேலேயே இறக்கிவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை.

பெசன்ட்நகர் நடையாளர்

ரயில்பிரியன் சொன்னது நல்ல யோசனை. கேன்யனுக்குப் போகும்போது கம்பளி எடுக்க மறந்துவிடாதீர்கள். தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரம், மார்ச்சில் பனி கிடக்கும். கீழே இறங்கவே வேண்டாம். யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து விளிம்பை ஒட்டித் தார்ப்பாதை போகிறது, சக்கர நாற்காலியே போகலாம். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பாறையைக் கொண்டுவந்து வயது வரிசையில் வழியெங்கும் வைத்திருக்கிறார்கள், கையால் தொட்டுப் பார்க்கலாம். பூங்காவுக்குள் பேருந்து இலவசம்.

செடோனா போனால் வழியில் மான்டெசுமா காசிலில் இறங்குங்கள். செங்குத்துப் பாறையின் நடுவில் இருபது அறை வைத்துக் கட்டிய பழைய வீடு. கீழிருந்துதான் பார்க்க முடியும், நடை கொஞ்சம்தான். செடோனாவில் வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, செவ்வாய் புதன் பார்த்துப் போங்கள்.

லாஸ் வேகஸ் உங்களுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கர்ப்பிணிப் பெண்ணை வைத்துக்கொண்டு அஞ்சு மணி நேரம் காரில் போய்ப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

தாம்பரம் கிழக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பையனுக்கு டிஎஸ்எம்சி என்ற தைவான் சிப் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? நண்பர்கள் எல்லோரும் சாண்ட்லர் என்கிறார்கள்.

அண்ணாநகர் மேற்கு

டிஎஸ்எம்சி இருப்பது வடகோடி, ஐ-17 ரோடும் 303ம் சேரும் பக்கம். சாண்ட்லர் தென்கிழக்கு மூலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நார்டெரா, ஆன்தெம், பியோரியா பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மளிகைச் சாமானுக்கும் தமிழ்க் கூட்டத்துக்கும் வார இறுதியில் சாண்ட்லர் வந்து போகலாம். டெம்பி நடந்து போக வசதி, ஆனால் மாணவர் கூட்டம், சத்தம். ஸ்காட்ஸ்டேல் வாடகை அதிகம். மேற்கே சன் சிட்டி என்று ஒன்று, 1960லிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கே ஆன ஊர், 55 வயதுக்காரர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கம் நர்ஸம்மா

யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான்.

அங்கே வியர்வை தெரியாது, வந்த உடனே காய்ந்துவிடும். நம் ஊரில் சட்டை நனைந்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே தோன்றாது, தலை சுற்றிய பிறகுதான் புரியும். ஃபீனிக்ஸ் இருக்கிற கவுண்டியில் மட்டும் 2023இல் வெயிலால் இறந்தவர்கள் 645 பேர். தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். ஜூனில் வெறுங்காலோடு வாசலில் இறங்கவே கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு, கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். குழாயில் குளிர்ந்த தண்ணீர்ப் பக்கம் திறந்தாலும் பிற்பகலில் சுடுதண்ணீர் வரும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் பருவமழைக்கு முன்னால் புழுதிப் புயல் மதில் மாதிரி எழுந்து வரும். அந்த ஊர் மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது, புழுதியோடு மூச்சில் போனால் 'வேலி ஃபீவர்' (பள்ளத்தாக்குக் காய்ச்சல்) வரும். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சில் தங்கித் தொந்தரவு தரலாம். புயல் வந்தால் கதவு ஜன்னலை மூடிவிட்டு உள்ளே இருங்கள். சென்னைக்குத் திரும்பிய பிறகு வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல், அசதி என்றால் டாக்டரிடம் "அரிசோனா போய் வந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காச நோய் என்று நினைத்து அந்த வழியில் போய்விடுவார்கள்.

மருந்து ஆறு மாதத்துக்கும் சீட்டோடு எடுத்துப் போங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மடிப்பாக்கம் அம்மா

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நர்ஸம்மா சொன்னதை அவரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கால்வாய் விஷயத்தை மகளிடம் கேட்டேன், வீட்டுக்குப் பின்னால் அரை கிலோமீட்டரில் இருக்கிறதாம், அவளே இதுவரை போனதில்லை.

இரண்டு கேள்வி. குழந்தைக்குப் பேர் வைத்த பிறகு கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், எது பக்கம்? ஜூன், ஜூலையில் எல்லோருமாக எங்கேயாவது போக முடியுமா, இல்லை சொந்தக்காரர்கள் சொன்ன மாதிரி வீடுதானா? தேள் நிறைய என்கிறார்களே, அது வேறு பயம்.

பெசன்ட்நகர் நடையாளர்

கோயிலுக்கு மாரிகோப்பா ஊரில் உள்ள மகா கணபதி கோயில். சாண்ட்லருக்குத் தெற்கே, 347 ரோடு வழியாக. வேலை நாள் மாலையில் அந்த ரோடு நகரவே நகராது, ஞாயிறு காலை சீக்கிரம் கிளம்புங்கள்.

கோடைக்கு இசைக்கருவி அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஃபீனிக்ஸில் 2010இல் திறந்தது, உலகத்தில் ஏறக்குறைய எல்லா நாட்டு வாத்தியமும் இருக்கிறது. காதில் ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறோமோ அந்த வாத்தியம் தானாகவே காதில் ஒலிக்கும், நகர்ந்தால் அடுத்தது. இந்தியப் பகுதி தனியாக உண்டு. ஒரு நாள் முழுக்க ஏசியில் சமதளத்தில் நடக்கலாம், குழந்தைக்கும் தொந்தரவில்லை.

ஜூலையில் வெயில் தாங்கவில்லை என்றால் ஃபிளாக்ஸ்டாஃப். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 7,000 அடி உயரம், பைன் காடு, ஃபீனிக்ஸைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வானாய்வகம் அங்கேதான். கைக்குழந்தைக்கு அவ்வளவு உயரம் சரிப்படுமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மே, ஜூனில் காலையில் வற்றல் வடாம் போட்டால் மத்தியானம் எடுத்துவிடலாம், அந்த வெயிலுக்கு அந்த ஒரு உபகாரம் உண்டு.

தேளுக்கு மகளிடம் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும், தொட்டிலுக்கு அடியில், காலணிக்குள், சுவர் ஓரத்தில் இருந்தால் தெரிந்துவிடும். தொட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், போர்வை தரையில் தொங்கக் கூடாது. இரவு எழுந்தால் செருப்பை உதறிப் போட்டுக்கொள்ளுங்கள்.